அடைகாலம்

பாலைப் பச்சைக்குழந்தை வார்டு ஜன்னலில் கொடுத்தாகிவிட்டது. இருபத்திரண்டு மில்லி. நேற்றுப் பதினெட்டுதான். வளர்மதி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பிழிந்து எடுத்ததை, மூடி போட்ட சின்ன பாட்டிலில் வாங்கி, கர்ச்சீப்பில் சுற்றி, மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு இறக்கிக் கொண்டுவருவது என் வேலை. லிஃப்டில் வருவதில்லை. நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயம். படியில் இறங்கும்போது பாட்டிலின் சூடு துணியைத் தாண்டி உள்ளங்கைக்கு வரும். தொண்ணூற்றாறு, இப்போது தொண்ணூற்றைந்து என்று கை தானாகச் சொல்லிக்கொண்டே வரும். கோழிக்குஞ்சுப் பண்ணையில் பதினேழு வருடம் முட்டைக்குச் சூடு பார்த்த கை, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது. பர்வீன் சிஸ்டர் பாட்டிலை வாங்கிப் பேர் எழுதிய சீட்டை ஒட்டிவிட்டு, "உள்ள வர்றீங்களாண்ணா? ஒரு மணி வரைக்கும் அப்பாமாரு வரலாம்" என்றார். தினமும் கேட்கிறார். "இல்லீங் சிஸ்டர், தும்மலா இருக்குது, இங்கயே இருந்துக்கறேன்" என்றேன். தும்மலெல்லாம் இல்லை. பதினான்கு நாளாக யாருக்குத் தும்மல் நிற்காமல் இருக்கும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இன்று அவர் அதோடு விடவில்லை. "வளர்மதியக்காவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல் இல்ல. பன்னெண்டு மணிக்கு வீல்சேர்ல கீழ கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க டாக்டர். இன்னைக்குத்தான் பாப்பாவ மொதமொதல்ல பாக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

ஐம்பது நிமிடம். ஐம்பது நிமிடத்தில் அவள் வந்துவிடுவாள், அவள் முன்னால் பர்வீன் சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் இன்னும் உள்ளயே வரலீங்களே அக்கா என்று. சொல்லாமல் இருப்பாரா? ஏன் சொல்லாமல் இருக்க வேண்டும், அவருக்கு என்ன தெரியும், மேலே மூன்றாவது மாடியில் நான் தினமும் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று. ஆபரேஷனுக்கு முன்னால் வளர்மதிக்கு வலிப்பு வந்தது, ரத்த அழுத்தம் ஏறி. ஏழாவது மாதத்திலேயே குழந்தையை வெளியே எடுத்துவிட்டார்கள். ஐந்து நாள் அவள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். ஆறாவது நாள் கண்ணைத் திறந்து நாக்கு ஒட்டிக்கொண்ட குரலில் கேட்ட முதல் கேள்வி, "தொட்டீங்களா?" என்பதுதான். உயிரோடு இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. தொட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், இன்னைக்கு எங்கே தொட்டீங்க? குதிங்கால் என்றேன் ஒருநாள். பட்டாணி அளவுதான் இருக்கு என்றேன். மறுநாள் முழங்கை. அப்புறம் காது மடல், மடங்கிக்கொண்டால் தானாக விரியவில்லை, நான்தான் விரலால் நிமிர்த்திவிட்டேன் என்றேன். எங்கிருந்து வந்தது அது? கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவனுக்குக் காது மடலின் மடிப்பு எப்படித் தெரியும்? ஒருநாள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்றேன். வளர்மதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்குப் பால் ஊறியது. ஆறு மில்லி, ஒன்பது மில்லி, பதினான்கு. நான் பொய் சொல்லச் சொல்லப் பால் கூடியது. அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தால் இடமிருந்து மூன்றாவது பெட்டி. மேலே சிவப்பு எண்களில் முப்பத்தாறு புள்ளி ஆறு. நமக்குத் தெரிந்த ஃபாரன்ஹீட் கணக்கில் தொண்ணூற்றேழே முக்காலுக்கும் சற்று மேலே. முட்டைக்குத் தொண்ணூற்றொன்பதரை வேண்டும், பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. இதை முதல் நாளே பார்த்துக் கலவரப்பட்டு, சூடு பத்தலீங்களே என்று சின்ன டாக்டரிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். சேர்க்கும்போது ஃபாரத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் என் அடையாள அட்டையைப் பார்த்து எழுதியதும் அவர்தான். இன்குபேட்டர் ஆபரேட்டர் என்று அதில் போட்டிருக்கும். நிமிர்ந்து, "எந்த ஆஸ்பத்திரியில?" என்று கேட்டார். "கோழிங் சார்" என்றேன். அட்டையில் இருக்கிறதே தவிர எங்கள் பண்ணையில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. பதினெட்டு நாள் முட்டை இருக்கும் மெஷின் செட்டர், கடைசி மூன்று நாள் ஹேச்சர். இன்குபேட்டர் என்பது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். இங்கேதான் எல்லோரும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கூட்டுகிற அம்மாகூட. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறேன். செங்கோடா, உன் மெஷினில் ஒரு முட்டைதான் இருக்கிறது, பார்த்துக்கொள் என்கிற மாதிரி. அங்கே ஒரு தட்டில் நூற்றைம்பது, ஒரு மெஷினில் நாற்பதாயிரம். பத்தாவது நாள் விளக்கு காட்டிப் பார்த்து, நரம்பு ஓடாததைப் பொறுக்கிக் கூடையில் போடுவோம். பொறுக்கும்போது மனதில் ஒன்றும் ஓடாது. டீக்கடை, வெயில், வண்டிக்கு பஞ்சர், அதுதான் ஓடும். அந்தக் கையா இது?

பெஞ்சுக்கு எதிரே சுவரில் டெங்கு போஸ்டர். பதினான்கு நாளாக அதைத்தான் வாசிக்கிறேன். தேங்காய்த் தொட்டி, டயர், கொசு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில், நோயரும்பு காலம் நான்கு முதல் பத்து நாட்கள். முதல் நாள் புரியவில்லை. பர்வீன் சிஸ்டரைத்தான் கேட்டேன். "கிருமி உள்ள போனதுக்கும் காய்ச்சல் வர்றதுக்கும் நடுவுல இருக்கற நாளுங்கண்ணா. வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா உள்ள வளந்துட்டிருக்கும். இன்குபேஷன் பீரியட்னு நாங்க படிச்சோம்" என்றார். அதற்கும் அதே வார்த்தைதானா என்றேன். ஆமாம் என்று போய்விட்டார், அவருக்கு ஆயிரம் வேலை. எனக்கு அங்கேயே மாட்டிக்கொண்டது. முட்டைக்குள் குஞ்சு வளர்வதற்கும் பெட்டிக்குள் பிள்ளை வளர்வதற்கும் ஒருத்தன் உடம்புக்குள் வியாதி வளர்வதற்கும் ஒரே வார்த்தை. தமிழில் யாரோ அதை அரும்பு என்று எழுதியிருக்கிறார்கள். மல்லிகை அரும்பு, மீசை அரும்பு, நோய் அரும்பு. எழுதினவனுக்கு மனசு எப்படி வந்ததோ. என் உள்ளே எது அரும்பிக்கொண்டிருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? பதினேழு வருடம் குஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்தவன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் எது இருக்கும், எது இருக்காது? அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் வட்டமாக இரண்டு கதவு இருக்கிறது, அதைத் திறந்து கையை விட்டால் ஆயிரத்து நூறு கிராம் உயிருக்கு என்னவெல்லாம் போகும். இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இது நல்ல காரணம். டாக்டரிடம்கூடச் சொல்லலாம். ஆனால் டாக்டரிடம் சொல்லவில்லையே. சொன்னால் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை, போய்த் தொடுங்கள் என்று சொல்லிவிடுவார் என்பதால்தானே.

விளக்கு ஒருமுறை சிமிட்டியது. எழுந்து நின்றுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு எண் அணையவில்லை, முப்பத்தாறு புள்ளி ஆறு, அப்படியே இருக்கிறது. கீழே ஜெனரேட்டர் உறுமும் சத்தம் கேட்டு நிற்கிறது. பண்ணையில் கரண்ட் போனால் எத்தனை நொடியில் ஜெனரேட்டர் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் எத்தனை நிமிடத்தில் மெஷின் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இங்கே எனக்கு எதையும் திறக்க உரிமை இல்லை. பக்கத்து பெஞ்சில் யாரோ கொட்டாவி விடுகிறார். நான் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன். உட்கார். உட்கார்ந்தேன். பதினொன்று முப்பத்தைந்து. பெட்டிக்குள் என் மகள் ஒரு காலை நீட்டினாள். நீட்டிய கால் நடுங்கிவிட்டு மெதுவாக மடங்கியது. இந்த ஒரு அசைவுக்காக எத்தனை மணி நேரம் நின்றிருக்கிறேன். அந்தப் பாதத்தின் அடியில் கட்டைவிரலை வைத்தால் எப்படி இருக்கும்? வீட்டில் படுக்கும்போது இதைத்தான் நினைக்கிறேன், குளிக்கும்போதும் இதைத்தான். கை ஆசைப்படுகிறது. கைக்குப் பசிக்கிறது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? மேலே போய் வளர்மதியிடம் சொல்கிற பொய்யெல்லாம் அந்தப் பசிதான். சொல்லும்போது நான் தொட்டுவிடுகிறேன். குதிங்காலைச் சொன்ன அன்று என் விரல்நுனியில் நிஜமாகவே ஏதோ மெத்தென்று இருந்தது. படி இறங்கி வரும்வரைக்கும் இருந்தது.

தொட்டிருக்கிறேன், ஒருதடவை. அதை நினைக்கக் கூடாது. மூன்று வருடம் ஆகிவிட்டது, வேறு ஆஸ்பத்திரி, அங்கே வராந்தாவில் பச்சைத் தரை. வளர்மதி மயக்கத்தில் இருந்தாள். ஒரு நர்ஸம்மா வெள்ளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, அப்பா யாருங்க என்று கேட்டு, என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி வைத்தார். பையன். அழவில்லை. அழ மாட்டான் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள், வயிற்றுக்குள்ளேயே நின்றுபோய்விட்டது என்று. ஆனால் சூடாக இருந்தான். அதைத்தான் யாரும் சொல்லவில்லை. அவ்வளவு நேரம் அவள் உடம்புக்குள் இருந்தவன் இல்லையா, அவள் சூடு அவன் மேல் இருந்தது. தொண்ணூற்றெட்டு. எனக்கு ஒரு நொடி எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள் என்று தோன்றியது, இவ்வளவு சூடாக இருக்கிறவன் எப்படி, என்று. பண்ணையில் சூடு தெரிய முட்டையை இமையில் வைத்துப் பார்க்கிற மாதிரி அவனைத் தூக்கி என் கண்ணிமைமேல் வைத்தேன். நல்ல சூடு. அப்புறம் தொண்ணூற்றேழு. அப்புறம் தொண்ணூற்றைந்து. மச்சான் வண்டி கொண்டுவர நாற்பது நிமிடம் ஆனது, நாற்பது நிமிடமும் இந்தக் கை ஒவ்வொரு டிகிரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தது, நான் நிறுத்து நிறுத்து என்று கெஞ்சியும். துண்டை இறுக்கிச் சுற்றினேன். நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். என் சட்டைக்குள் விட்டுப் பொத்தான் போட்டேன், எதிரே உட்கார்ந்திருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எண்பத்தாறு வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வளர்மதி கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்து, நான் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், எப்படி இருந்தான் என்று. சூடா இருந்தான் என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

வீல்சேர் வந்துவிட்டது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே. சக்கரம் ஒன்று கிறீச்சிடுகிறது, அந்தச் சத்தம்தான் முதலில் வந்தது, பிறகுதான் அவள். தலை வாரியிருக்கிறாள். ஆயாம்மா பின்னி விட்டிருக்க வேண்டும். முகம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. மடியில் கைகளைக் கோர்த்து வைத்திருக்கிறாள், பெண் பார்க்க வந்த அன்று உட்கார்ந்திருந்த மாதிரி. ஆயாம்மா, "சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்தர்றேன்" என்று கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். இப்போது சொல்லிவிட வேண்டும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"வளரு, ஒண்ணு சொல்லோணும்."

"ம்."

"நான் பாப்பாவத் தொடவே இல்ல. ஒருநாளும் உள்ள போகல. உங்கிட்டச் சொன்னதெல்லாம் சும்மா சொன்னது."

அவள் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பெட்டி என்று நான் சொன்னது மட்டும் நிஜம், அதைக் கண்டுபிடித்துவிட்டாள் போல, கண் அங்கேயே நின்றது.

"தெரியுமுங்க" என்றாள்.

"யாரு சொன்னா, சிஸ்டரா?"

"யாரும் சொல்லல. நீங்க எதைத் தொட்டாலும் மொதல்ல சூட்டத்தான் சொல்லுவீங்க. சோத்துப் பானை, தண்ணிக் குழாய், என்ற நெத்தி, எல்லாத்துக்கும். பாப்பாவுக்குக் காது சொன்னீங்க, குதிங்கால் சொன்னீங்க. சூடு மட்டும் சொல்லவே இல்ல. ரெண்டாவது நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் தெனமும் கேட்ட?"

"கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. வெட்கம் வர வேண்டும், அதுவும் முழுசாக வரவில்லை. உட்கார்ந்தேன், பெஞ்சில் இல்லை, தரையில், அவள் கால்பலகைக்குப் பக்கத்தில். ஏன் போகவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாள் என்றால் அதுவும் தெரிந்திருக்கிறது. இவளிடம் மறைத்து வைத்ததாக நான் நினைத்ததில் எதுதான் மறைந்திருக்கிறது? என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்தாள் போலிருக்கிறது.

"பையன நான் தொடவே இல்லீங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கண்ணு முழிக்கறதுக்குள்ள கொண்டுபோய்ட்டாங்க. ஒரு பெத்தவளுக்கு எப்படி இருக்கும். ஆனா நீங்க சூடா இருந்தான்னு சொன்னீங்களே. அப்ப என்ற சூடு அவன் மேல இருந்திருக்குது, அது அடங்கற வரைக்கும் நீங்க வெச்சிருந்திருக்கீங்க, ஒரு மேசை மேல சில்லுனு கெடக்கலன்னு நெனச்சுக்குவேன். அதை நெனச்சுக்கிட்டுத்தான் மூணு வருசமும் தூங்கினேன்."

மூன்று வருடமாக நான் எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தேனோ அதை நினைத்து அவள் தூங்கியிருக்கிறாள், அதே கட்டிலில், ஒரு கைதூரத்தில். அவள் முழங்கால்மேல் நெற்றியை வைத்தேன். அவள் என் தலையில் கை வைத்தாள், ஊசி குத்திய கை, டேப் ஒட்டியிருக்கிறது. அப்படியே எவ்வளவு நேரம் இருந்தோமோ, கதவு திறந்து பர்வீன் சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு ஆக்சிஜன் எடுத்து ரெண்டு நாளாச்சு. இன்னைக்குக் கங்காரு வெக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. நெஞ்சோட நெஞ்சா, ஒரு மணி நேரம். அக்காவுக்குக் காய்ச்சல் இப்பத்தான் விட்டிருக்கு, இன்னும் ரெண்டு நாள் போகட்டும், இன்னைக்குப் பக்கத்துல உக்காந்து பாருங்க. அண்ணன் வெச்சுக்கட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தும்மல் எப்படி இருக்குதுண்ணா?" என்றார்.

"இல்லீங்" என்றேன்.

கை கழுவுகிற இடத்தில் முழங்கைவரை சோப்புப் போடச் சொன்னார்கள். நகம் வெட்டச் சொன்னார்கள். சட்டையைக் கழற்றி முன்பக்கம் திறந்த பச்சை அங்கி ஒன்று கொடுத்தார்கள். என் நெஞ்சில் முடி அதிகம், அதற்கு ஏதாவது சொல்வார்களோ என்று கூச்சமாக இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாய்ந்த நாற்காலி. பக்கத்தில் வளர்மதியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். பெட்டியின் வட்டக் கதவு திறக்கும் சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டாம் என்று எழுந்துவிடலாம், இப்போதும் எழுந்துவிடலாம், கால் மடங்கித் தயாராக இருக்கிறது. அதற்குள் நெஞ்சின் நடுவில் ஈரத்துணி மாதிரி ஏதோ வந்து ஒட்டியது. அவ்வளவு லேசு. ஒரு கை, அரைக்கீரைத் தண்டு கனம்கூட இருக்காது, என் தோலில் பரவியது. அவள் முதுகில் வைத்த என் கை தொண்ணூற்றேழு என்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொண்ணூற்றாறுக்குக் காத்திருந்தேன். தொண்ணூற்றேழு. சிஸ்டர் ஒரு துணியால் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினார், குல்லாயைச் சரிசெய்தார். தொண்ணூற்றேழு. கடிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வளர்மதி மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது. அதற்குள் இன்னொரு மூச்சு, எலிக்குட்டி மூச்சு மாதிரி, என் மார்பெலும்புக்கு மேலேயே. தொண்ணூற்றேழரை. இல்லை, நன்றாகப் பார், அவசரப்படாதே. தொண்ணூற்றேழரைதான். மேலே போகிறது. என் உடம்பிலிருந்து அது போகிறது, நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அது பாட்டுக்கு என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

"அசையாம இருங்கண்ணா, மூச்சு நல்லா விடுங்க" என்று சிஸ்டர் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

இப்போது ஒரு புதுக் கஷ்டம். அவள் தலை என் தாடைக்குக் கீழே இருக்கிறது. குனிந்தால் குல்லாய் மட்டும்தான் தெரிகிறது. பதினான்கு நாள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்த முகம், இப்போது ஒரு ஜாண்கூட இல்லாத தூரத்தில், பார்க்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பினால் அசைந்துவிடுவேன். வளர்மதிக்குத்தான் தெரியும், அவள் பக்கம்தான் முகம் திரும்பியிருக்கிறது. கைப்பிடிமேல் சாய்ந்து, மூக்கு துணியில் படுகிற அளவுக்குக் கிட்டத்தில் வந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழுகிறாளா என்று தெரியவில்லை.

"என்ன பண்றா?" என்றேன், சத்தமே வராமல்.

"ஒண்ணும் பண்ணல."

"தூங்கறாளா?"

"இல்ல. கண்ணு முழிச்சிருக்கா."

"என்னையப் பாக்கறாளா?"

வளர்மதி தலையைச் சாய்த்துப் பாப்பாவின் கண்ணைப் பார்த்தாள். நிஜமாகவே பார்த்துவிட்டுச் சொல்வதற்காக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"யாரையும் பாக்கல" என்றாள். "சும்மா தொறந்து வெச்சிருக்கா. ஒரு கண்ணு பெருசா இருக்குது, ஒரு கண்ணு சின்னதா இருக்குது. கீழ் உதடு உங்களுத மாதிரியே தொங்குது."

"அப்பறம்?"

"இருங்க, கொட்டாவி விடறா. சொல்றேன்."